நீருக்கு வழிகண்ட விசுவேசுவரையா

யாழ்ப்பாணப் பட்டினத்திலிருந்து காங்கேசன்துறை வீதி வழியே வடக்கு நோக்கிச் செல்வோர் கொக்குவில், கோண்டாவில், இணுவில் என்னும் ஊர்களைக் கடந்து மருதனார்மடத்தை அடைவர். சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1913ஆம் ஆண்டிலே பெண்களுக்கென்று நிறுவிய கல்லூரியும், தோட்டக்காரர் தம் விளைபொருள்களைக் கொண்டுவந்து குவிக்கும் சந்தையும் அவ்வூரின் இரு அடையாளங்கள். சுற்றிலும் செம்மண் தோட்டங்கள். வெங்காயமும் புகையிலையும் வாழையும் மரக்கறியும் மாறிமாறி விளையும் நிலம். ஆறு ஒன்றும் இல்லாத இந்நிலத்திலே இத்தனை பசுமை எங்ஙனம் வந்தது என்று புதிதாய் வருவோர் வியப்பர். விடை கிணற்றிலே இருக்கிறது. முன்னே துலா மிதித்து இறைத்தனர். பின்னே எண்ணெயிலும் மின்சாரத்திலும் இயங்கும் எந்திரங்களைக் கொண்டு இறைத்தனர். இறைக்கும் முறைதான் மாறியதே யன்றி இறைக்கப்படும் நீர் மாறவில்லை.

அந்நீரின் இயல்பை அறிந்தோர் சற்று அஞ்சுவர். மாரியிலே பெய்யும் மழை சுண்ணக்கல்லின் வெடிப்புகள் வழியே கீழிறங்கி, கடலிலிருந்து உட்புகுந்த உவர்நீரின்மேல் மெல்லிய வில்லைபோல மிதந்து நிற்கிறது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உவர் மேலெழும். அது ஒன்று. மற்றொன்று இதனினும் கொடிது. மழையை உள்ளே விடும் அதே கல் அழுக்கையும் உள்ளே விடுகிறது. ஒவ்வொரு வளவிலும் ஒரு கிணறு. அதே வளவின் மறுமூலையிலே ஒரு மலக்குழி. வேலி நிலத்தின் மேலேதான் உண்டு. கீழே ஓடும் நீருக்கு வேலி ஏது? உரமிட்ட தோட்டத்தினின்றும் மலக்குழியினின்றும் இறங்கிய நைத்திரேற்று, குடாநாட்டின் பல கிணறுகளிலே ஏற்கத்தக்க அளவைக் கடந்திருப்பதை ஆய்வாளர் பன்முறை எடுத்துக்காட்டியுள்ளனர். 2014ஆம் ஆண்டையொட்டிச் சுன்னாகத்துக் கிணறுகளிலே எண்ணெய் மிதக்கக் கண்ட மக்கள் தம் முற்றத்துக் கிணற்றையே ஐயுற்று நோக்கும் நிலை வந்தது. கிளிநொச்சி இரணைமடுக் குளத்து நீரைக் குடாநாட்டுக்குக் கொணரும் திட்டம் வகுக்கப்பட்டபோது, அந்நீரை நம்பி வயல் செய்வோர் அஞ்சினர். அவர் அச்சம் நியாயமானதே. பின்னர் வடமராட்சி கிழக்கிலே தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் கட்டப்பட்டு 2024ஆம் ஆண்டிலே திறக்கப்பட்டது. நீரைக் கொண்டுவருதற்கு ஒருவாறு வழி பிறந்தது. பயன்படுத்திய நீர் எங்கே போகும் என்ற வினா மட்டும் வளவுக்கு வளவு குழியிலேயே நிற்கிறது.

இவ்வினாவைத் தம் வாழ்நாள் முழுதும் பல ஊர்களிலே, பல அரசினரின் பணப்பெட்டிகளுக்கு முன்னே நின்று கேட்ட ஒருவர் உளர். மோட்சகுண்டம் விசுவேசுவரையா என்பது அவர் பெயர். அணைகட்டிய பெரியார் என்றே மாணவர் அவரை அறிவர். அணைக்கு முன்னே குழாயும் சாக்கடையும் அவர் கைவழி வந்தன என்பதைப் பாடநூல்கள் விரித்துரைப்பதில்லை. சாக்கடையைப் பற்றிப் பாடநூலில் எழுத எவர்க்குத்தான் விருப்பம் வரும்!

மைசூர் நாட்டிலே, அந்நாளிற் கோலார் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த முத்தேனஹள்ளி என்னும் சிற்றூரிலே அவர் பிறந்தார். நாள் செப்டெம்பர் 15. ஆண்டு 1860 என்பாரும் 1861 என்பாரும் உளர். முன்னோர் தெலுங்கு நாட்டு மோட்சகுண்டத்திலிருந்து குடிபெயர்ந்து வந்தோர்; அவ்வூர்ப்பெயரே குடும்பப் பெயராயிற்று. தந்தையார் சீனிவாச சாத்திரியார் வடமொழி வல்லவர்; செல்வர் அல்லர். இளமையிலேயே தந்தையை இழந்த மகன் பெங்களூர் மத்திய கல்லூரியிலே பயின்ற காலத்திற் பிறர் பிள்ளைகளுக்குப் பாடஞ் சொல்லிக் கொடுத்துத் தம் செலவைத் தேடிக்கொண்டார். 1881இற் பட்டம் பெற்றார். மைசூர் அரசினரின் உதவிப்பணம் அவரைப் பூனாவின் விஞ்ஞானக் கல்லூரிக்கு அனுப்பியது. அங்கே பொறியியற் பரீட்சையில் முதல்வராய்த் தேறி, 1884இலே பம்பாய் அரசினரின் பொதுவேலைப் பகுதியில் உதவிப் பொறியியலாளராக அமர்ந்தார்.

ஏழை மாணவன் ஒருவனைப் படிப்பிப்பதற்கு ஓர் அரசு செலவிட்ட சிறு பணம் பின்னாளில் அவ்வரசுக்கு எத்தனை மடங்காய்த் திரும்பியது என்று கணக்கிடுவார் கணக்கிடலாம். பொதுப்பணத்தை முதலிடுவது பற்றி அவர் வாழ்நாள் முழுவதும் பேசிய பேச்சுக்குத் தாமே முதற் சான்றாக நின்றார்.

சிந்து நாட்டுச் சக்கர் நகரிலேதான் அவர் திறமை முதன்முதல் வெளிப்பட்டது. 1894இல் அவர் அங்கே அனுப்பப்பட்டார். ஊருக்கு அருகே சிந்து நதி பெருகி ஓடுகிறது; ஆனால் நீரோ சேறு. வடிகட்டும் தொட்டிகள் கட்ட நகரசபையிடம் பணம் இல்லை. பணமில்லை என்று சொல்லி வேலையை நிறுத்துவது எளிது. கலங்கல் நீரையே குழாயில் ஏற்றிவிடுவது அதனினும் எளிது. விசுவேசுவரையா ஆற்றுப்படுகையிலே ஒரு கிணறு தோண்டினார். ஆற்றுநீர் மணலினூடே ஊறிக் கிணற்றில் இறங்குகையிலே மணலே வடிகட்டியாயிற்று. தெளிந்த நீரை எந்திரத்தால் மேட்டுக்கு ஏற்றி ஊருக்குப் பங்கிட்டார். அடுத்த ஆண்டே வேலை முடிந்தது. மணலும் ஊற்றும் நம்மவர்க்குப் புதியன அல்ல. வரண்ட ஆற்றிலே ஊற்றுத் தோண்டிக் குடம் நிறைக்கும் பெண்களைத் தமிழ்நாடெங்கும் காணலாம். எளியோர் கையறிவை நகரத்தின் அளவுக்குப் பெருக்கிய துணிவே அவருடையது.

பூனாவை அடுத்த கடக்வாசலா நீர்த்தேக்கத்துக்கு அவர் அமைத்த கதவுகள் பெரும்புகழ் பெற்றவை. வெள்ளம் ஏறும்போது தாமே திறந்து, வடியும்போது தாமே மூடும் கதவுகள் அவை. 1903இலே அமைக்கப்பட்டன. அணையை உயர்த்தாமலே தேங்கும் நீரின் அளவு உயர்ந்தது. அக்கதவுக்கு உரிமைப் பத்திரம் பெற்றவர், அரசினரிடம் அதற்கெனப் பணம் பெற மறுத்தார். அரசின் சம்பளத்தில் இருந்துகொண்டு செய்தது அரசுக்கே உரியது என்பது அவர் கொள்கை. பிற்காலத்திற் குவாலியரிலும் கிருஷ்ணராஜசாகரத்திலும் அவ்வகைக் கதவுகள் அமைந்தன.

பின்னர்ப் பம்பாய் மாகாணத்தின் சுகாதாரப் பொறியியலாளர் பதவி அவரை வந்தடைந்தது. நகர்தோறும் சென்று குடிநீர்க்கும் கழிவுநீர்க்கும் திட்டம் வகுப்பது அப்பதவியின் தொழில். 1906இல் ஏடன் துறைமுகத்துக்குச் சென்றார். ஏடன் அப்போது பம்பாய் அரசினரின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. ஆண்டுக்கு இரண்டு மூன்று அங்குலம் மழை பெய்தால் அதுவே பெரிது, ஆறு இல்லை, கடல்நீரைக் காய்ச்சி வடித்த நீரை விலைகொடுத்துக் குடிக்கும் ஊர். நம் காலத்திலே தாளையடியிற் செய்ய நேர்ந்ததை ஏடன் அன்றே செய்துகொண்டிருந்தது என்பதை எண்ணும்போது ஒருவகைத் திகைப்பு உண்டாகிறது. அவர் நகருக்கு வடக்கே லகேஜ் பகுதிக்குச் சென்று, மழைக்காலத்தில் மாத்திரம் ஓடும் ஆற்றின் மணற்படுகையை ஆராய்ந்து, அங்கே கிணறுகள் தோண்டி நீர் கொணரலாம் என்று காட்டினார். கூடவே நகரத்தின் கழிவுநீர்க்கும் திட்டம் தந்தார். நீர்த் திட்டத்தையும் கழிவுத் திட்டத்தையும் ஒருங்கே வைத்து எண்ணினார் என்பதே இங்கு நாம் கவனிக்கத்தக்கது.

ஏனெனில், அந்நாளில் உலகெங்கும் நகரங்கள் செய்த தவறு ஒன்று உண்டு. குழாய்நீரை முதலிற் கொண்டுவருவர். அதற்குப் பாராட்டுக் கூட்டமும் நடக்கும். குடத்தில் மொண்டு வருங்கால் சிக்கனமாய்ச் செலவான நீர், குழாயில் வரத் தொடங்கியதும் பன்மடங்காய்ச் செலவாகும். செலவான நீர் எங்கே போகும்? ஒழுங்கையிலே தேங்கும்; குழியை நிறைக்கும்; பக்கத்துக் கிணற்றில் இறங்கும். இலண்டன் மாநகரமே இப்பாடத்தைத் துன்பப்பட்டுத்தான் கற்றது. தேம்சு நதி நகரின் சாக்கடையாய் மாறி, 1858ஆம் ஆண்டுக் கோடையிலே அதன் நாற்றம் பாராளுமன்றத்தின் சாளரங்களுக்குள்ளே புகுந்த பின்னர்தான், பல்லாண்டு கிடப்பிலிருந்த திட்டத்துக்குச் சில கிழமைகளிலே பணம் ஒதுக்கப்பட்டது. யோசேப்பு பாசல்கெட் என்னும் பொறியியலாளர் நிலத்தின் கீழே பெருஞ் சாக்கடைகளை அமைத்தார். அவை நிறைவேறாதிருந்த கிழக்கு இலண்டனிலே 1866இல் வாந்திபேதி பல்லாயிரவரை வாரிச் சென்றது. நிறைவேறிய பகுதிகள் பெரும்பாலும் தப்பின. உறுப்பினர் மூக்குக்கு எட்டிய பின்பே பணப்பெட்டி திறந்தது என்பதிற் சிரிப்பதற்கும் இடம் உண்டு, அழுவதற்கும் உண்டு.

ஐதராபாத்தின் பணப்பெட்டியைத் திறந்தது நாற்றம் அன்று, வெள்ளம். 1908ஆம் ஆண்டு செப்டெம்பர் 28ஆம் நாள் மூசி நதி பெருகி நகரத்துள்ளே புகுந்தது. பாலங்கள் அழிந்தன, ஆற்றங்கரைக் குடியிருப்புகள் வேரோடு பெயர்ந்தன. ஏறத்தாழ 15,000 மக்கள் மாண்டனர் என மதிப்பிட்டனர். அவ்வேளையில் விசுவேசுவரையா பம்பாய்ச் சேவையினின்றும் விலகி ஐரோப்பாவிலே பயணஞ் செய்துகொண்டிருந்தார். இந்தியர் ஒருவர் தலைமைப் பொறியியலாளராய் உயர்வதற்கு அந்நாளிலே பம்பாயில் வழி அடைபட்டிருந்தது; அதனாலேயே ஓய்வூதியத்துக்குரிய காலம் நிறையுமுன்னரே விலகினார் என்பர். நிசாம் அரசினரின் தந்தி அவரைத் தேடிச் சென்றது. 1909இலே ஐதராபாத்தை அடைந்தார்.

வெள்ளத்தைத் தடுக்கக் கரை எழுப்பினால் போதும் என்று எண்ணியவர் பலர். அவர் ஆற்றின் கரையை விட்டு ஆற்றின் பிறப்பிடத்துக்குச் சென்றார். மூசியின் நீரேந்து நிலத்திலே ஏறக்குறைய எண்ணூறு குளங்கள் இருந்தன. அவற்றுள் இருநூறுக்கு மேற்பட்டவை அந்தப் பெருமழையிலே உடைந்திருந்தன. ஒரு குளம் உடைந்தால் அதன் நீர் கீழ்க்குளத்தை உடைக்கும். அது அதன் கீழுள்ளதை உடைக்கும். வன்னியின் குளத்தொடர்களைக் கண்டறிந்த நமக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. இயற்கையின் சீற்றம் என்று எல்லோரும் கையை விரித்த இடத்திலே, பராமரிப்பின்றி விட்ட குளக்கட்டுகளின் கணக்கை அவர் எடுத்து வைத்தார். நகரத்துக்கு மேலே மூசியிலும் அதன் துணையாறாகிய ஈசியிலும் இரு பெருந் தேக்கங்கள் கட்டவேண்டும் என்றார். உஸ்மான் சாகர் 1920இலும், இமாயத் சாகர் 1927இலும் முடிந்தன. வெள்ளத்தைத் தடுத்த அதே நீர் நகரத்தின் குடிநீராயிற்று. அழிவுக்குச் செலவிட நேர்ந்த பணம் ஆக்கத்துக்கும் உதவிய அருமையான கணக்கு அது.

அத்தோடு அவர் நிற்கவில்லை. ஏறக்குறைய ஐந்து இலட்சம் மக்கள் வாழ்ந்த அந்நகரின் கழிவெல்லாம் திறந்த கான்கள் வழியே மூசியிற் கலந்துகொண்டிருந்தது. நிலத்தடிக் குழாய்களாற் கழிவைச் சேர்த்து நகருக்கு வெளியே கொண்டுசெல்லும் திட்டத்தையும் தந்தார். அணைகளுக்குப் பணம் விரைவிற் கிடைத்தது; சாக்கடைக்கு மெல்லத்தான் கிடைத்தது. 1920களிலே நிசாம் அரசினர் அவரை மீண்டும் அழைத்தபோது, பதினைந்து ஆண்டுகளுக்கு முன் தாம் எழுதிவைத்த வேலையை மறுபடி எடுத்துக்கொண்டார். அணைக்குத் திறப்புவிழா உண்டு, கல்வெட்டு உண்டு, மன்னன் பெயர் உண்டு. மண்ணுக்குள் மறைந்து கிடக்கும் குழாய்க்கு எவன் பெயரை இடுவான்?

1909இன் இறுதியில் மைசூர் அரசின் தலைமைப் பொறியியலாளரானார். காவிரிக்குக் குறுக்கே கண்ணம்பாடியில் அணைகட்டும் எண்ணம் அவரை ஆட்கொண்டது. கோலார்த் தங்கச் சுரங்கங்களுக்கு 1902 முதல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் சென்றுகொண்டிருந்தது. கோடையிலே காவிரி மெலிந்தால் மின்சாரமும் மெலியும். நீரைத் தேக்கினால் மின்சாரம் பெருகும்; மின்சாரத்தின் வருவாய் அணையின் செலவைத் தாங்கும்; அணையின் நீர் மண்டியாவின் காய்ந்த நிலத்தை நனைக்கும். மதிப்பீடோ இரண்டரைக் கோடி ரூபா. சிறிய அரசின் கருவூலத்தார் நடுங்கியதில் வியப்பில்லை. கேட்டதற்கு உடனே விடை வராதபோது அவர் மனம் நொந்து விலகவும் எண்ணினார் என்பர். இறுதியிலே மன்னர் நான்காம் கிருஷ்ணராஜ உடையார் இணங்க, 1911இல் வேலை தொடங்கியது. சீமெந்தை நாடாது சுண்ணாம்பும் செங்கற்பொடியும் கலந்த சுர்க்கிச் சாந்தாலேயே அப்பேரணை எழுந்தது.

கருவூலத்தைவிடப் பெரிய தடை சென்னையிலிருந்து வந்தது. மேலே தேக்கினால் தஞ்சை வயல்கள் காயும் என்று சென்னை அரசினர் வாதிட்டனர். 1892ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி அவர் இசைவின்றி மைசூர் புதிய அணை கட்ட முடியாது. நடுவர் தீர்ப்பு 1914இல் வந்தது. சென்னை அதனை ஏற்கவில்லை. 1924இலேதான் புதிய உடன்படிக்கை பிறந்தது. அதன் பயனாகவே தமிழ்நாட்டில் மேட்டூர் அணை எழுந்து 1934இல் முடிந்தது. கன்னட நாட்டார் விசுவேசுவரையாவைப் போற்றும்போது தமிழர் சிலர் முகஞ் சுளிப்பதுண்டு. அவர் மைசூரின் ஊழியர். மைசூரின் நலத்துக்கு வாதாடினார். அதிற் குற்றங் காண நமக்கு மனம் வரவில்லை. தஞ்சை உழவனின் அச்சத்தையும் தள்ளிவிட முடியவில்லை. இரணைமடுவின் கதையை அறிந்தோர் இரு பக்கத்தையும் உணர்வர்.

அணையின் நீர் பல ஊர்களை விழுங்கியது. கண்ணம்பாடியின் தொன்மையான வேணுகோபாலசுவாமி கோயில் நீருள் மூழ்கியது. குடிபெயர்ந்தோருக்கு நிலம் கொடுத்தனர். எனினும் பாட்டன் பூட்டன் புழங்கிய முற்றத்துக்கு ஈடாக எதைக் கொடுப்பது? பொறியியலாளரின் வரவு செலவுப் புத்தகத்திலே அதற்கு ஒரு நிரல் இல்லை. அது அவருடைய குறை மட்டுமன்று, அக்காலத்தின் குறை. இக்காலத்திலும் முற்றாகத் தீராத குறை.

1912இல் அவர் மைசூரின் திவான் ஆனார். ஆறாண்டுகளிலே மைசூர் வங்கி, 1916இல் மைசூர்ப் பல்கலைக்கழகம், சந்தன எண்ணெய்த் தொழிற்சாலை, பத்திராவதி இரும்பாலைக்கு அடிகோலல் என்று அடுக்கடுக்காய் வேலைகள் நடந்தன. அவற்றைப் பிறர் விரிவாக எழுதியுள்ளனர். 1915இல் சேர் பட்டம் பெற்றார். 1918இற் பதவி துறந்தார். காரணம் நம் கவனத்துக்கு உரியது. பிராமணரல்லாதார்க்கு அரச பதவிகளிலே இடம் ஒதுக்குவதுபற்றி ஆராய மன்னர் மில்லர் குழுவை அமைத்தார். தகுதி ஒன்றே அளவுகோலாதல் வேண்டும் என்ற விசுவேசுவரையாவுக்கு அது உடன்பாடாகவில்லை. நேர்மையாளர், தம் இனத்தார்க்குச் சலுகை காட்டியவர் என்று பகைவரும் சொல்லார். ஆயினும் இவ்விடயத்தில் மன்னரே தெளிவாகக் கண்டார் என்று சொல்லத் தோன்றுகிறது. மேட்டுநிலத்துக்கு நீர் ஏறாது என்றால் அங்கே எந்திரம் வைத்து ஏற்ற வேண்டும் என்று சக்கரிலே கண்டவர், கல்வி எட்டாத குடிகளுக்கும் அவ்வாறொரு ஏற்றம் வேண்டும் என்பதை ஏனோ காணவில்லை.

பதவி துறந்த பின்னும் நாற்பதாண்டு ஓயாது உழைத்தார். பல நகரசபைகள் தம் நிருவாகத்தையும் நீர்த் திட்டங்களையும் சீர்செய்ய அவரை நாடின. 1934இல் இந்தியாவுக்கு ஒரு பொருளாதாரத் திட்டத்தை நூலாக எழுதினார்; ஐந்தாண்டுத் திட்டம் என்ற சொல் மேடைகளில் முழங்குவதற்கு நெடுநாள் முன்பே அது வெளிவந்தது. ஒரிசாவின் வெள்ளப் பிரச்சினையை ஆராய்ந்து அறிக்கை தந்தார். தொண்ணூறு வயதைக் கடந்தபின் கங்கைக்குப் பாலம் அமைக்க மொகாமாவில் இடம் பார்க்கச் சென்றார். கடன் வாங்கிச் செலவிடுவது அவருக்குப் பாவமாய்த் தோன்றவில்லை. அச்செலவு பயன்தருமா, தந்த பயனை அளந்து கணக்கு வைப்பார் உண்டா என்பவையே அவர் கேள்விகள். கட்டிமுடித்த வேலையைப் பேணுவதற்கு ஆண்டுதோறும் பணம் ஒதுக்காத சபை, அவ்வேலையைத் தொடங்கியிருக்கவே கூடாது என்பது அவர் போக்கு. நம்மூரிலே கட்டி விட்டுப் பூட்டி வைத்த பொதுக் கட்டிடங்களைக் கடந்து செல்லும்போதெல்லாம் அவர் நினைவு வருவதுண்டு.

1955இல் இந்திய அரசு அவருக்குப் பாரத ரத்தினம் என்னும் உயர்ந்த விருதை வழங்கியது. தலைப்பாகையும் மேற்சட்டையும் மடிப்புக் கலையாது அணிந்து, குறித்த நேரத்துக்குக் குறித்த இடத்தில் நிற்கும் முதியவராகப் பெங்களூர் மக்கள் அவரை இறுதிவரை கண்டனர். நூறாண்டு கண்டு, 1962ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்திலே பெங்களூரில் மறைந்தார். உடலை முத்தேனஹள்ளிக்குக் கொண்டுசென்று, அவர் பிறந்த மண்ணிலேயே எரியூட்டினர். மழை பொய்த்துக் கிருஷ்ணராஜசாகரத்தின் நீர் அடிமட்டத்துக்கு இறங்கிய ஆண்டுகளிலே, வேணுகோபாலசுவாமி கோயிலின் கற்றூண்கள் நீருக்கு மேலே தலை காட்டுவதும், சுற்றுவட்டார மக்கள் சேற்றிலே நடந்து சென்று அவற்றைப் பார்த்து வருவதும், பின்னர் அதே கோயிலைக் கல் கல்லாய்ப் பெயர்த்துக் கரையிலே மீள எழுப்பும்வரை நடந்தன.